திருப்பூர்ப் பிசிறும் பெருக்கும் ரோபோவும்

வீட்டைக் கூட்டிப் பெருக்குவதற்கும் ஈரத் துணியால் துடைப்பதற்கும் தானே நகரும் எந்திரம் வந்துவிட்டது என்பதை வாசகர்கள் அறிவீர்கள். பெரிய தோசைக்கல்லின் அகலமும் ஒரு சாண் உயரத்தில் பாதியும் கொண்ட வட்டப் பெட்டி அது. கட்டிலுக்கடியில் புகுந்து, நாற்காலிக் காலைச் சுற்றி வந்து, மின்கலம் தீரும் முன் தன் இருப்பிடத்துக்குத் திரும்பி மின்னேற்றிக் கொள்கிறது. இருபதாயிரம் ரூபாய்க்குக் கீழும் கிடைக்கிறது. லட்சம் ரூபாயைத் தாண்டியவையும் உண்டு. இனித் துடைப்பத்தைத் தொட வேண்டியதே இல்லை என்று விளம்பரங்கள் சொல்கின்றன.

இக்கூற்று எவ்வளவு உண்மை? ஒரு கருவியை அது பிறந்த ஊரின் தரையில் சோதித்தால் போதாது. அது உழைக்க வேண்டிய தரையில் சோதிக்க வேண்டும். திருப்பூரின் தரைக்கு ஒரு தனிக் குணம் உண்டு. ஓவர்லாக்கும் பிளாட்லாக்கும் ஓடும் சிறு யூனிட்டுகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. நூல் பிசிறு வெட்டும் வேலையைப் பெண்கள் வீட்டுக்கே எடுத்து வந்து செய்கிறார்கள். பனியன் கம்பெனியிலிருந்து திரும்புகிறவர்களின் சட்டையிலும் தலைமுடியிலும் பஞ்சு ஒட்டி வருகிறது. ஆகவே இவ்வூர் வீட்டுக் குப்பையில் மண்ணைப் போலவே இழையும் கலந்திருக்கிறது. எங்கள் வீட்டில் இவ்வகை எந்திரம் ஒன்று ஓராண்டுக்கு மேலாக ஓடுகிறது. அதைச் செய்த நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. நான் சொல்லப்போகும் குணங்களும் குறைகளும் பெரும்பாலும் இவ்வினம் முழுவதற்கும் பொதுவானவை.

மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு இதை ஆராய்வோம். இந்த எந்திரம் எவ்வளவு வேலையை எடுத்துக்கொள்கிறது? எவ்வளவு வேலையை விட்டுவைக்கிறது? விட்டுவைத்த வேலை யாருடைய கைக்குப் போகிறது?

வண்டின் அறிவும் லேசர்க் கண்ணும்

முதலில் இதன் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். சுவீடன் நாட்டு எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் 2001-இல் 'டிரைலோபைட்' என்ற பெருக்கும் ரோபோவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு, 2002 செப்டம்பரில், அமெரிக்காவின் ஐரோபோட் நிறுவனம் 'ரூம்பா'வை 199 டாலர் விலையில் வெளியிட்டது. அந்நிறுவனத்தை 1990-இல் தொடங்கியவர்கள் ராட்னி புரூக்ஸ், காலின் ஆங்கிள், ஹெலன் கிரெய்னர் என்ற மூவர். எந்திரத்துக்கு உலகம் முழுவதையும் எண்ணிப் பார்க்கும் மூளை தேவையில்லை, பூச்சியைப் போல் முட்டினால் திரும்பு, விளிம்பு வந்தால் விலகு என்ற எளிய பழக்கங்கள் சிலவே போதும் என்பது புரூக்ஸின் கொள்கை. தொடக்க கால ரூம்பா அப்படித்தான் நடந்தது. சுவரில் முட்டியதும் ஏதோ ஒரு கோணத்தில் திரும்பி ஓடும். நெடுநேரம் ஓடினால் அறையின் பெரும்பகுதியைத் தொட்டுவிடும். ஆனால் ஓரிடத்தைப் பத்து முறை பெருக்கிவிட்டு மற்றோரிடத்தை மறந்தும் விடும்.

இன்றைய எந்திரங்கள் பலவற்றின் தலையில் சிறு கோபுரம் ஒன்று சுழல்கிறது. அதிலிருந்து வரும் லேசர்க் கதிர் சுவரில் பட்டுத் திரும்பி, ஒரு வில்லை வழியாக ஒளியுணர்வியின் மேல் விழுகிறது. சுவர் அருகில் இருந்தால் ஒளிப்புள்ளி ஒரு பக்கம் அதிகமாக விலகி விழும். தொலைவில் இருந்தால் விலகல் குறையும். இதன் தத்துவத்தை நீங்களே சோதிக்கலாம். ஒரு விரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணையும் மறு கண்ணையும் மாறி மாறி மூடிப் பாருங்கள். விரல் இடம் தாவுவது போல் தெரியும். விரலை அருகே கொண்டுவந்தால் தாவல் பெரிதாகும். அந்தத் தாவலை அளந்தால் தூரம் தெரிந்துவிடும். கோபுரம் நொடிக்குச் சில முறை சுழல்வதால் எல்லாத் திசைத் தூரங்களும் கிடைக்கின்றன. மின்சாரம் போன இரவில், பழக்கமில்லாத வீட்டில் சுவரைத் தடவிக்கொண்டே, நாம் எங்கே நிற்கிறோம், வீடு எப்படி இருக்கிறது என்ற இரண்டையும் ஒருங்கே ஊகிக்கிறோம் அல்லவா? அந்த வேலையை இவ்வெந்திரம் கணக்குப் போட்டுச் செய்கிறது. சில ஆயிரம் ரூபாய்க்குள் இவ்வறிவை அடக்கியது பொறியியலின் பெரிய வெற்றி என்பதில் ஐயமில்லை.

2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது வீட்டு வேலைக்கு ஆட்கள் வர இயலாமல் போனதால் இந்திய நகரங்களில் இதற்குத் தேவை பெருகியது. அதன் பிறகு இது பணக்காரர்களின் வேடிக்கைப் பொருள் என்ற நிலையைத் தாண்டி நடுத்தரக் குடும்பங்களிலும் நுழைந்திருக்கிறது.

பாஸ்கல் என்னும் விளம்பர எண்

கடைக்குப் போனால் முதலில் காதில் விழும் எண் பாஸ்கல். 4,000 பாஸ்கல், 8,000 பாஸ்கல் என்று உறிஞ்சும் வலிமையைச் சொல்வார்கள். மாணவர்கள் இந்த எண்ணைக் கண்டு மயங்கக் கூடாது.

பாஸ்கல் என்பது அழுத்தத்தின் அலகு. நம்மைச் சூழ்ந்த வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 1,01,300 பாஸ்கல். 8,000 பாஸ்கல் குறைவு என்பது அதில் 8 விழுக்காடு; நீரை 80 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏற்றும் அளவு. உடல்நலமுள்ள இளைஞர் ஒருவர் முழு வலிமையோடு மூச்சை உள்ளிழுத்தால் உண்டாகும் அழுத்தக் குறைவும் கிட்டத்தட்ட இவ்வளவுதான்.

அழுத்தம் மட்டும் தூசியைத் தூக்காது. காற்று ஓட வேண்டும். ஓடும் காற்றுதான் துகளை இழுத்துச் செல்லும். பயனுள்ள திறன் என்பது அழுத்த வேறுபாட்டை, ஒரு நொடியில் ஓடும் காற்றின் கன அளவால் பெருக்கிக் கிடைப்பது. எந்த விசிறிக்கும் ஓர் இயல்பு உண்டு. வாயை முழுவதும் அடைத்தால் அழுத்தக் குறைவு உச்சத்தில் இருக்கும். ஆனால் காற்றோட்டம் சுழி. வாயைத் திறந்துவிட்டால் காற்று நிறைய ஓடும். அழுத்த வேறுபாடு மிகக் குறையும். ஓர் எந்திரத்தின் உச்ச அழுத்தம் 8,000 பாஸ்கல், உச்சக் காற்றோட்டம் நொடிக்கு 15 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று கூடும் அளவுக்கு மற்றது சீராகக் குறைகிறது என்றால், இரண்டும் பாதியாக இருக்கும் நிலையில் திறன் உச்சம் அடைகிறது. 4,000 பாஸ்கலை நொடிக்கு 0.0075 கனமீட்டரால் பெருக்கினால் 30 வாட். சுவரில் செருகி ஓட்டும் பெரிய வாக்குவம் கிளீனர்கள் 1,000 வாட்டுக்கும் மேல் மின்சாரம் எடுப்பவை. 14.4 வோல்ட், 5.2 ஆம்பியர்-மணி மின்கலம் கொண்ட ரோபோவிடம் இருக்கும் மொத்த ஆற்றலோ 75 வாட்-மணி மட்டுமே. ஒரு சாதாரண மின்விசிறியை ஒரு மணி நேரம் ஓட்டினால் தீர்ந்துவிடும் ஆற்றல் இது.

விளம்பரத்தில் அச்சிடப்படுவது உச்ச அழுத்தம். அந்த எண் எப்போது முழு உண்மையாகிறது? வாய் முழுவதும் அடைபட்டு, காற்றே ஓடாமல், ஒரு துகளும் நகராத நிலையில். பெருக்கும் கருவியை அது பெருக்காத நிலையின் எண்ணால் புகழ்வது விந்தைதான். பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 2014-இலேயே வீட்டு ரோபோக்களின் பெருக்கும் திறனை அளக்கும் முறைகளை வகுத்திருக்கிறது. வாங்குபவர்கள் பாஸ்கலைக் கேட்பதை விட்டு, எத்தனை கிராம் தூசி போட்டால் எத்தனை கிராம் எடுக்கும் என்று கேட்கத் தொடங்கினால் விற்பவர்களும் அதைச் சொல்லத் தொடங்குவார்கள்.

மணல் உருளும், இழை சுற்றும்

இனி நம்மூர்ப் பிசிறுக்கு வருவோம். பருத்தி இழை ஒன்றின் குறுக்களவு 12 முதல் 20 மைக்ரான். நீளமோ 25 மில்லிமீட்டருக்கும் மேல் இருக்கலாம். அதாவது நீளம் அகலத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கும் அதிகம். இத்தகைய பொருள் மணலைப் போல் நடந்துகொள்ளாது. ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கட்டிலடியில் உருண்டை கட்டும். இன்று பாலியெஸ்டர் துணியும் திருப்பூரில் பெருகி வருகிறது. பருத்தி தன் எடையில் 8.5 விழுக்காடு வரை காற்றின் ஈரத்தை ஏற்கும், பாலியெஸ்டர் 0.4 விழுக்காடுதான் ஏற்கும். ஈரம் இல்லாததால் அதில் தோன்றும் நிலைமின்சாரம் எளிதில் வெளியேறாது. எனவே வறண்ட மாதங்களில் பாலியெஸ்டர் பிசிறு எந்திரத்தின் பிளாஸ்டிக் உடலிலேயே போய் ஒட்டிக்கொள்கிறது.

பெரிய தொல்லை வெட்டிய தையல் நூலால் வருகிறது. எந்திரத்தின் அடியில் சுழலும் உருளைப் பிரஷ், நூலைப் பிடித்துக்கொண்டு சுற்றத் தொடங்குகிறது. சுற்றிய நூல் உருளையின் முனைக்கு நகர்ந்து அச்சில் இறங்குகிறது. அச்சின் விட்டம் 8 மில்லிமீட்டர் என்றால் சுற்றளவு 2.5 சென்டிமீட்டர். விரல் நீளமுள்ள, 7.5 சென்டிமீட்டர் நூல் அதில் மூன்று சுற்று சுற்றிவிடும்.

மூன்று சுற்றுதானே, உறிஞ்சும் காற்று இழுத்துவிடாதா என்று கேட்பீர்கள். இங்கேதான் ஓர் அழகான இயற்பியல் விதி குறுக்கிடுகிறது. முரண்டு பிடிக்கும் காளையின் கயிற்றைக் கட்டுத்தறியில் இரண்டு சுற்று சுற்றிப் பிடித்தால் சிறுவனும் அதை நிறுத்திவிடுவான். சுற்றிய கயிற்றின் ஒரு முனையில் சிறு விசை இருந்தால் மறுமுனையில் அதைப்போல் பல மடங்கு விசையை அது தாங்கும். அந்த மடங்கு ஒவ்வொரு சுற்றுக்கும் பெருக்கல் வரிசையில் வளரும். ஆய்லர், ஐடெல்வைன் என்ற அறிஞர்களின் பெயரால் வழங்கும் இவ்விதியில் உராய்வுக் கெழு 0.25 என்று கொண்டால், ஒரு சுற்றுக்கு 5 மடங்கு, இரண்டு சுற்றுக்கு 23 மடங்கு, மூன்று சுற்றுக்கு 111 மடங்கு என்று விசை ஏறுகிறது. ஒரு கிராம் எடையளவு இழுப்பு ஒரு முனையில் இருந்தால் மறுமுனையில் 111 கிராம் எடையளவு இழுத்தாலும் நூல் வழுக்காது. பாஸ்கலை இரட்டிப்பாக்கினாலும் இந்த முடிச்சு அவிழாது. கத்தரிக்கோலால் ஒரு கை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

வெட்டாமல் விட்டால் அச்சில் உராய்வு கூடி, மோட்டார் அதிக மின்னோட்டம் இழுத்து, எந்திரம் நடுவழியில் நின்று உதவி கேட்கும். மயிரிழை இல்லாத ரப்பர் உருளைகளும், சுற்றிய நூலை அறுக்கும் பற்களும் சில மாதிரிகளில் உண்டு. அவை தொல்லையைக் குறைக்கின்றன; தீர்க்கவில்லை. அவை பெரிதும் தலைமுடியையும் நாய், பூனை மயிரையும் எண்ணிச் செய்யப்பட்டவை. தையல் நூல், இழுத்தால் அறாமல் இருப்பதற்கென்றே முறுக்கிச் செய்யப்பட்ட பொருள்.

தரையில் இல்லாத தூசி

கண்ணுக்குத் தெரியும் குப்பையைவிடத் தெரியாத தூசிதான் நுரையீரலுக்குப் பகை. காற்று அசையாத அறையில், நீரின் அடர்த்தியுள்ள 10 மைக்ரான் கோளத் துகள் நொடிக்கு 3 மில்லிமீட்டர் வேகத்தில் விழும். 3 மீட்டர் உயரக் கூரையிலிருந்து தரைக்கு வர ஏறத்தாழ 17 நிமிடம் ஆகும். விழும் வேகம் குறுக்களவின் இருமடியைப் பொறுத்தது. ஆகையால் 1 மைக்ரான் துகளுக்கு அதே தூரம் இறங்கக் கிட்டத்தட்ட ஒரு நாள் தேவை. மின்விசிறி சுழன்றால் அது இறங்கவே இறங்காது எனலாம்.

தரையில் ஊரும் எந்திரம், இறங்கிவிட்ட தூசியைத்தான் எடுக்க முடியும். எனினும் இவ்விடத்தில் அதற்கு ஒரு பாராட்டு உரியது. பூந்துடைப்பம் உலர்ந்த தரையில் வீசும்போது தூசியில் ஒரு பங்கைக் காற்றில் கிளப்பி, பெருக்குபவரின் மூக்குக்கே அனுப்புகிறது. ரோபோ அவ்வளவு கிளப்புவதில்லை. ஆஸ்துமா உள்ள வீட்டில் இது சிறிய நன்மையன்று. அதன் வடிகட்டி நல்லதாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. 'ஹெபா' என்னும் தரம் 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்க வேண்டும் என்கிறது. வடிகட்டியில் அப்பெயர் அச்சிடப்பட்டிருந்தாலும், அதன் விளிம்பைச் சுற்றிக் காற்று கசிந்தால் தரம் பறந்துவிடும். பஞ்சு படிந்து அடைத்தாலோ காற்றோட்டம் குறைந்துவிடும். நிரம்பிய பெட்டியை வீட்டுக்குள்ளேயே தட்டிக் கொட்டினால் எந்திரம் செய்த நன்மையில் பாதியை நாமே அழிக்கிறோம்.

பஞ்சுத் தூசி விளையாட்டுப் பொருளன்று என்பதை ஆலைகளின் வரலாறு காட்டும். பஞ்சு பிரிக்கும், சிக்கெடுக்கும் பிரிவுகளில் நீண்ட காலம் உழைத்தவர்களுக்கு வரும் 'பிசினோசிஸ்' என்ற நுரையீரல் நோயில், வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாளில் நெஞ்சு இறுகும். அமெரிக்க அரசு 1978-இல் நூற்பாலைகளின் காற்றில் பஞ்சுத் தூசி ஒரு கனமீட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதித்தது. வீட்டுப் பிசிறு ஆலைத் தூசியின் அளவுக்கு வராது. அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் நாள் முழுதும் தையல் யூனிட்டில் மூச்சு விட்டவர்கள் இரவிலாவது நல்ல காற்றில் உறங்க வேண்டும் அல்லவா?

கோவை, திருப்பூர் வட்டாரத்து நூற்பாலைக்குள் சென்றவர்கள், நூற்பு எந்திரங்களின் மேலே தண்டவாளத்தில் ஓடும் ஒரு கருவியைப் பார்த்திருப்பார்கள். அதிலிருந்து இருபுறமும் நீண்ட குழாய்கள் தொங்கும். சில குழாய்கள் காற்றை ஊதி எந்திரத்தில் படிந்த பஞ்சை விரட்டும். தரையை ஒட்டித் தொங்கும் குழாய் அதை உறிஞ்சிக்கொள்ளும். ஆளில்லாமல் நகர்ந்து பெருக்கும் எந்திரம் நம் வட்டாரத்துக்குப் புதிதன்று. அதற்கு வழி தேடும் அறிவில்லை. ஆனால் அது பஞ்சை அறிந்து செய்யப்பட்டது. அதுவும்கூட முதன்மையாக நூலில் பஞ்சுக் கட்டி ஏறாமல் காக்க வந்ததே தவிர, தொழிலாளியின் மூச்சைக் காக்க வந்ததன்று. எந்தத் தூசி, யாருக்குத் தீங்கு என்ற கேள்வியிலிருந்து தொடங்கினால்தான் பெருக்கும் கருவி சரியாக அமையும்.

ஈரத் துடைப்பும் உப்புத் தண்ணீரும்

துடைக்கும் பகுதி பெருக்கும் பகுதியைவிட எளிமையானது, குறையும் அதிகம். மலிவான மாதிரிகளில் எந்திரத்தின் பின்னால் ஓர் ஈரத் துணி இழுபட்டு வரும். எந்திரத்தின் எடையே 3, 4 கிலோகிராம்தான். அதில் ஒரு பகுதி மட்டுமே துணியை அழுத்தும். சிந்திய சாம்பாரின் கறை காய்ந்துவிட்டால் கைதான் தேய்க்க வேண்டும். முதல் அறையில் அழுக்கான துணி மூன்றாம் அறைக்கும் அதே அழுக்கோடு போகிறது. விலை கூடிய மாதிரிகள் இடையிடையே இருப்பிடத்துக்குத் திரும்பித் துணியை அலசிக்கொள்கின்றன. அந்த அழுக்கு நீரைக் கொட்டுவது மீண்டும் நம் வேலை. இரண்டு நாள் மறந்தால் நாற்றம் நினைவூட்டும்.

முன்னால் உறிஞ்சியும் பின்னால் துடைத்தும் ஒரே நடையில் ஓடும்போது, உறிஞ்ச மறந்த பிசிறு ஈரத்தால் தரையோடு ஒட்டிவிடுகிறது. எனவே பிசிறுள்ள வீட்டில் முதலில் உலர்ந்த நடை, பிறகு ஈர நடை என்று இரு முறை ஓட்டுவதே சரி.

நீரும் முக்கியம். நம் ஆழ்குழாய்க் கிணறுகள் பலவற்றின் நீர் உப்பு மிகுந்தது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பதே விரும்பத்தக்கது என்கிறது. வேறு நீர் கிடைக்காவிடில் 2,000 வரை ஏற்கலாம் என்கிறது. 1,500 மில்லிகிராம் உள்ள நீரை 250 மில்லிலிட்டர் தொட்டியில் ஊற்றி நாள்தோறும் துடைத்தால், ஆண்டுக்கு ஏறத்தாழ 137 கிராம் உப்பு தரையில் வெண்படலமாகப் படியும். அது படிவதற்கு முன் எந்திரத்தின் நுண்துளைகளையும் அடைக்கும். கையால் துடைப்பவர் வாளி நிறைய நீரில் அலசிப் பிழிவதால் இவ்வளவு படிவதில்லை. குழாயில் வரும் ஆற்று நீரை இதற்கென ஒரு குவளை ஒதுக்குவது நல்லது.

மிச்சமான நேரம் யாருடையது?

இவ்வெந்திரம் மேசையில் உண்டு, கட்டிலில் உறங்கும் வீடுகளை எண்ணிச் செய்யப்பட்டது. அங்கே தரை நடப்பதற்கு மட்டும். நமக்கோ தரை வசிக்கும் இடம். பாய் விரிப்பதும், காய் நறுக்குவதும், பிள்ளைகள் புத்தகம் பரப்புவதும், பிசிறு வெட்டுவதும் தரையில்தான். எந்திரம் ஓடும் முன் இவை எல்லாவற்றையும் யாரேனும் தூக்கி வைக்க வேண்டும். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்த நிலைப்படியை அது பொதுவாக ஏறாது. கறுப்புக் கடப்பைக் கல் பதித்த இடத்தில் சில எந்திரங்கள் பள்ளம் என்று எண்ணிப் பின்வாங்கும். அடியிலுள்ள அகச்சிவப்பு உணர்வி, தரையிலிருந்து ஒளி திரும்பி வருகிறதா என்று பார்த்தே பள்ளத்தை அறிகிறது. கறுப்புப் பரப்பு ஒளியை விழுங்கிவிடுவதால் வரும் மயக்கம் இது.

பெருக்கித் துடைக்கும் 25 நிமிடம் மிச்சமாகிறது என்று வைத்துக்கொள்வோம். பொருள்களைத் தூக்க 6 நிமிடம், தொட்டியும் துணியும் 4 நிமிடம், நூல் வெட்டவும் சிக்கிய இடத்திலிருந்து மீட்கவும் சராசரி 4 நிமிடம் என்றால் உண்மையான மிச்சம் 11 நிமிடம். அதுவும் ஒரு மிச்சம்தான். கட்டிலடியும் நாள்தோறும் சுத்தமாவது அதற்கு மேல் கிடைக்கும் நன்மை. குனிந்து பெருக்க இயலாத முதியவர்களுக்கும் முதுகுவலிக்காரர்களுக்கும் அந்த 25 நிமிடத்தின் மதிப்பே வேறு.

ஆனால் கூடுதலாக வந்த 14 நிமிடம் யாருடையது? 2024-ஆம் ஆண்டு நடந்த இந்தியக் காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். ரூத் ஸ்வார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1983-இல் எழுதிய நூலில், வீட்டுக்கு எந்திரங்கள் வந்தபோது உடலுழைப்பின் கடுமை குறைந்தது, ஆனால் தாயின் வேலை நேரம் குறையவில்லை என்று காட்டினார். ஆண்களும் பிள்ளைகளும் செய்துவந்த வேலைகள் நின்றன. சுத்தத்தின் அளவுகோல் உயர்ந்தது. எஞ்சியது அவள் தலையில் சேர்ந்தது. செல்பேசிச் செயலியில் பொத்தானை அழுத்துவது ஒருவர், உருளையில் சுற்றிய நூலைக் கத்தரிப்பது இன்னொருவர் என்று உங்கள் வீட்டிலும் ஆகிவிட்டதா என்று பாருங்கள். அப்படியானால் எந்திரம் வேலையைக் குறைக்கவில்லை, கை மாற்றியிருக்கிறது.

வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் கூலியையும் இக்கணக்கில் சேர்க்க வேண்டும். மூலையும் படிக்கட்டும் குளியலறையும் பாத்திரமும் இன்னும் அவரிடமே இருக்கின்றன. ரோபோ வந்ததைக் காரணம் காட்டிக் கூலியைக் குறைக்க நினைப்பவர்கள், அவர் விட்ட வேலை எது, விடாத வேலை எது என்று எழுதிப் பார்க்கட்டும்.

மற்றொன்றும் உண்டு. பத்தடிக்குப் பத்தடி லைன் வீட்டில் எந்திரம் சுற்றி வர இடமேது? வீட்டில் பிசிறு வெட்டும் குடும்பங்கள் பல வாழ்வது அங்கேதான். பிசிறு மிகுந்த வீட்டுக்கு எந்திரம் போவதில்லை. எந்திரம் போகும் வீட்டில் பிசிறு குறைவு.

கண் வைத்த எந்திரம்

லேசருக்குப் பதிலாகவோ, அதனோடு சேர்த்தோ கேமரா வைத்த மாதிரிகளும் வருகின்றன. ரூம்பாவின் சோதனை மாதிரிகள் 2020-இல் வீடுகளுக்குள் எடுத்த படங்கள் சில, படங்களுக்குப் பெயர் குறிக்கும் வெளிநாட்டுப் பணியாளர்களின் வழியே சமூக ஊடகத்தில் வெளியானதாக 2022 டிசம்பரில் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவியூ இதழ் எழுதியது. ஒரு படத்தில் கழிப்பறையில் இருந்த பெண் ஒருவர் தெரிந்தார். அவை கடையில் விற்ற எந்திரங்கள் அல்ல, ஒப்புதல் தந்தவர்களிடம் கொடுத்த சோதனை எந்திரங்கள் என்று நிறுவனம் விளக்கியது. விளக்கம் சரியே ஆயினும், ஒப்புதல் தந்தவர்கள் தங்கள் படம் இவ்வளவு தூரம் போகும் என்று எண்ணியிருப்பார்களா?

அந்த ஐரோபோட் நிறுவனமே 2025 டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்பு கோரியது. துடைப்பம் செய்தவர் கடையை மூடினாலும் துடைப்பம் பெருக்கும். தொலைவிலுள்ள கணிப்பொறியை நம்பி இயங்கும் எந்திரம் அப்படியா? இணைய இணைப்பு இல்லாமலும், உடலிலுள்ள பொத்தானை அழுத்தினால் ஓடுமா என்று வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். பிரஷும் வடிகட்டியும் தனியே கிடைக்குமா என்பதையும் கேளுங்கள்.

முடிவும் ஒரு சோதனையும்

மதிப்பீட்டை இனித் தொகுத்துச் சொல்லலாம். தரை திறந்து கிடக்கும், பிசிறு குறைந்த வீட்டில், நாள்தோறும் படியும் மெல்லிய தூசியை எடுக்க இது நல்ல துணை. தூசியைக் கிளப்பாமல் எடுப்பதும், கட்டிலடியில் சலிக்காமல் புகுவதும் இதன் சிறப்புகள். துடைப்பத்தைத் தொடவே வேண்டாம் என்ற கூற்று மட்டும் பொய். நூல் பிசிறுக்கு இது ஏற்றதன்று. ஈரத் துடைப்பில் இது கையின் பாதித் தரம் என்பேன்.

வாங்க இயலாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. தூசியைப் பிறக்கும் இடத்திலேயே பிடி என்பதே தொழிற்சாலைச் சுகாதாரத்தின் முதல் விதி. பிசிறு வெட்டும்போது மடியில் ஒரு முறத்தை வைத்துக்கொண்டால் நூல் தரைக்கே வராது. உலர்ந்த துடைப்பத்துக்குப் பதில், பிழிந்த ஈரத் துணியால் ஒற்றி எடுத்தால் தூசி கிளம்பாது. பெருக்குவதற்கு அரை மணி முன் மின்விசிறியை நிறுத்தினால் பெரிய துகள்களாவது இறங்கிவிடும். இவற்றுக்குச் செலவு ஏதுமில்லை.

மாணவர்கள் ஒரு சோதனை செய்து பாருங்கள். 5 கிராம் சலித்த மணலையும், 5 கிராம் வெட்டு நூலையும் தனித்தனியே எடை போட்டு, ஒரு சதுர மீட்டர் தரையில் முதலில் மணலையும், எந்திரத்தைச் சுத்தம் செய்த பின் நூலையும் தூவுங்கள். எந்திரத்தை ஓட்டி, பெட்டியில் சேர்ந்ததையும் உருளையில் சுற்றியதையும் தனித்தனியே எடை போடுங்கள். துடைப்பத்தாலும் அதையே செய்து ஒப்பிடுங்கள். எடுத்துக்கொண்ட நேரத்தையும், அது யாருடைய நேரம் என்பதையும் குறித்து வையுங்கள். அந்த அட்டவணை எந்த விளம்பரத்தையும்விட உங்களுக்கு அதிகம் சொல்லும்.

மோட்டாரும் பம்பும் நூற்பாலை எந்திரங்களும் செய்யும் தொழிற்கூடங்கள் கோவையில் நிறைந்திருக்கின்றன. பொறியியல் கல்லூரிகளும் இவ்வட்டாரத்தில் ஏராளம். லைன் வீட்டின் ஒற்றை அறைக்கு ஏற்றதாய், நூல் சுற்றாத உருளையோடு, உப்புத் தண்ணீரைத் தாங்கக்கூடிய ஓர் எளிய கருவியை இங்குள்ள மாணவர்கள் ஏன் செய்யக் கூடாது? அதற்கு லேசர்க் கண் தேவையில்லை. பிசிறை அறிந்த கை இருந்தால் போதும்.